போனில் மாட்டும் ஸ்கேன் ப்ரோப்: கல்லீரல் ரத்தக்குழாய்களைப் பிரித்தறிய எவ்வளவு தூரம் உதவும்?

போனோடு இணையும் கையடக்க அல்ட்ராசவுண்ட் கருவிகள் கல்லீரலைப் பார்க்கத் தாராளமாகப் போதும். கல்லீரலிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் ஹெப்பாட்டிக் வெயினையும், குடலிலிருந்து கல்லீரலுக்குள் கொண்டுவரும் போர்டல் வெயினையும் பிரித்துச் சொல்ல வேண்டுமென்றால் நம்ப வேண்டியது பி-மோடைத்தான், அதாவது சாதாரண கறுப்பு-வெள்ளைப் படத்தை. இந்தக் கருவிகளின் கலர் டாப்ளரை, அதாவது ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் மோடை, பாதிதான் நம்பலாம்.

போர்டலின் சுவர் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். தமனியையும் பித்தநாளத்தையும் சேர்த்துச் சுற்றியிருக்கும் கிளிசன் உறைதான் காரணம். ஹெப்பாட்டிக்குக்கு அந்தத் தடித்த உறை கிடையாது. கரையில்லாத கறுப்பு வாய்க்கால் போலிருக்கும். ஆனால் ஒலிக்கற்றை செங்குத்தாகப் பட்டால் ஹெப்பாட்டிக்கின் சுவரும் வெளுக்கும், கொழுப்புக் கல்லீரலில் போர்டலின் வெள்ளை மங்கும். போன் திரையில் இந்த ஏமாற்று இன்னும் அதிகம்.

அதனால் குழாயைப் பிடித்துக்கொண்டே போங்கள். வலது விலாவுக்குக் கீழே ப்ரோபைக் குறுக்காக வைத்து, கற்றை தலைப்பக்கம் போகும்படி சாய்த்து, மூச்சை இழுத்து நிறுத்தச் சொல்லுங்கள். மூன்று ஹெப்பாட்டிக் வெயின்களும் உதரவிதானத்தை ஒட்டி ஐ.வி.சி.யில் (இதயத்துக்குப் போகும் பெருஞ்சிரையில்) சேரும், நடுவும் இடதும் பெரும்பாலும் ஒன்றாகிப் பிறகு சேரும். போர்டல் கிளைகளோ கல்லீரலின் வாசல் பக்கம் கூடும்.

கலர் டாப்ளரில் "நீலம் என்றால் ஹெப்பாட்டிக்" என்று மனப்பாடம் செய்தவர்கள் வலது பின்பக்க போர்டல் கிளையில் மாட்டிக்கொள்வார்கள். அங்கே ரத்தம் இயல்பாகவே ப்ரோபை விட்டு விலகி ஓடுவதால் அதுவும் நீலம்தான். அடுத்த வில்லங்கம் ஸ்கேல், அதாவது கலரில் காட்டச் சொல்லும் வேக வரம்பு. போர்டலின் வேகம் சாதாரணமாக நொடிக்கு 16 முதல் 40 செ.மீ.தான். ஸ்கேல் ஏறியிருந்தால் நிறமே பிடிக்காது, இல்லாத அடைப்பு ரிப்போர்ட்டில் ஏறிவிடும். ஸ்கேலை 20 செ.மீ. அருகே இறக்குங்கள், கலர் பெட்டியைச் சுருக்குங்கள், புள்ளிகள் சிதறத் தொடங்கும்வரை கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) ஏற்றிக் கொஞ்சம் குறையுங்கள். அப்படியும் நிறம் ஏறாத குழாய் பித்தநாளமாக இருக்கலாம்.

சந்தேகம் தீர, ஒரு புள்ளியில் ரத்தத்தின் வேகத்தை அலைக்கோடாக வரையும் பல்ஸ்டு வேவ் டாப்ளர் வேண்டும். ஒலிக்கற்றைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடையிலான கோணம் 60 டிகிரிக்குள் இருக்கட்டும். ஹெப்பாட்டிக் அலை பூஜ்யக் கோட்டுக்கு மேலும் கீழுமாகத் துடிக்கும், போர்டல் ஒரே பக்கம் மெல்ல அலையும். மூச்சை முக்கிப் பிடித்தாலோ சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிய நிலை) இருந்தாலோ ஹெப்பாட்டிக்கின் துடிப்பும் தட்டையாகிவிடும். சில கையடக்க மாடல்களில் இந்த மோடு இருக்காது, விலை கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

சட்டைப்பையில் அடங்கும் கருவிதானே என்று இந்தியாவில் ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட முடியாது. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டின் பி.சி.பி.என்.டி.டி. சட்டப்படி பதிவு செய்த இடத்துக்கு மட்டுமே விற்பனை.