ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸா, தில் பேச்சாராவா? நண்பர்களோடு எதைப் பார்ப்பது?

ஜான் கிரீனின் ஒரு நாவல், அதிலிருந்து இரண்டு படங்கள்.

நேரம்: ஆங்கிலப் படம் (2014) 126 நிமிடம், இந்திப் படம் (2020) 101 நிமிடம். இடைவேளை, டீ, அரட்டை எல்லாம் சேர்த்தால் ஆங்கிலத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

நோய்: இரண்டிலும் நாயகிக்குத் தைராய்டு புற்றுநோய். ஆங்கிலப் படம் அதை மழுப்புவதில்லை. ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃப்ராங்க் வீட்டுச் செங்குத்துப் படிகளில் ஆக்சிஜன் சிலிண்டரோடு மூச்சிரைக்க ஹேசல் ஏறும் காட்சியில் அறையே அமைதியாகிவிடும். இந்தியில் கிஸியிடமும் சிலிண்டர் உண்டு. ஆனால் முதல் பாதி கலகலப்பு. நாயகன் மேனி ரஜினி வெறியன், போதாததற்கு ரஹ்மான் பாட்டு.

நாயகிக்குப் பிடித்த கலைஞரைச் சந்திக்கும் காட்சி: ஆங்கிலத்தில் எழுத்தாளராக வரும் வில்லெம் டஃபோ வெறுக்க வைக்கிறார். இந்தியில் அவர் இசைக்கலைஞர்; பாரிஸில் சைஃப் அலி கான் வந்த வேகத்தில் போய்விடுகிறார். ஆங்கிலமே மேல்.

அழுகை: ஆங்கிலத்தில் கடைசி அரை மணி நேரம் விடாமல் பிழிகிறது. இந்தியில் திரைக்கு வெளியேயும் ஒரு துக்கம்: சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்து ஆறு வாரத்துக்குள் வெளியான படம். அவர் ரசிகர் யாராவது இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

பேசிக்கொண்டே பார்க்கும் கூட்டம், பாட்டு வேண்டும் என்றால் தில் பேச்சாரா. நாவல் படித்த மூன்று நான்கு பேர், ஃபோனை ஓரம் வைக்கத் தயார் என்றால் ஆங்கிலம். வீட்டில் அண்மையில் புற்றுநோய் பார்த்தவர் கூட இருந்தால் இரண்டுமே வேண்டாம்; அன்றைக்கு வடிவேலு போதும்.