நெஞ்சறுவைக்குப் பின் ஊரில்: தொடுவதற்கு முன் கேட்டவர்கள்

இதய பைபாஸ் முடிந்து நெஞ்செலும்பு கூடிய பிறகும் பல மாதங்கள் விடாமல் தொடரும் ஒரு தொந்தரவு உண்டு. தழும்பைச் சுற்றியுள்ள தோலும், அதைவிட அதிகமாக இடது மார்பின் தோலும், இலேசாகத் துணி உரசினாலே சுரீரென்று எரியும். அதற்கு ஒரு விரற்கடை தள்ளிக் கிள்ளினாலும் உணர்வில்லாமல் மரத்துக் கிடக்கும். இங்கிலாந்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, நீண்ட விமானப் பயணத்துக்கு மருத்துவர் இசைவு தந்த பிறகு, அண்ணன் மகள் திருமணத்துக்காகச் மதுரைக்குப் பக்கத்திலுள்ள சோழவந்தானில் எங்கள் வீட்டில் வந்து தங்கினேன். அந்த நாட்களில் மதுரையில் எனக்குக் கிடைத்த மருத்துவம், மருந்துக்கடை, தையல், வாடகைக் கார் ஆகிய சேவைகளைப் பற்றி, இதே தழும்போடு ஊருக்கு வரவிருக்கும் பெண்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஒவ்வொரு சேவையையும் ஒரே கேள்வியால்தான் அளந்தேன்: என் உடம்பைத் தொடுவதற்கு முன் கேட்டார்களா?

இந்த எரிச்சல் மனப்பிரமையோ பயமோ அன்று என்பதை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் உறவினர் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். பைபாஸில் நெஞ்செலும்பை நெடுக்குவாட்டில் அறுத்து இரு பக்கமும் விரித்து வைக்கிறார்கள். அடைபட்ட இரத்தக்குழாய்க்கு மாற்றுப் பாதையாக, பெரும்பாலும் இடது மார்புச் சுவரின் உட்புறம் ஓடும் தமனியைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்துகிறார்கள். விலா எலும்புகளுக்கு இடையிலிருந்து மார்புத் தோலுக்கு வரும் சிறு நரம்புகள் அந்தத் தமனியை ஒட்டியே இருப்பதால், எத்தனை கைதேர்ந்த மருத்துவர் செய்தாலும் அவற்றில் சில இழுபடும், சில அறுபடும். காலிலிருந்து சிரை எடுத்திருந்தால் கணுக்கால் வரை உட்புறம் மரத்துப்போவதும் இதே காரணத்தால்தான். எலும்பு ஏறத்தாழ மூன்று மாதங்களில் கூடிவிடுகிறது. நரம்போ நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளர்கிறது. வளரும் காலத்தில் அது தொடுதலையே வலியாகச் சொல்கிறது. அழுத்தமான கையைவிட மெல்லிய உரசலே அதிகம் வலிக்கும் என்பது பார்ப்பவர்களுக்குப் புரியாது. மின்விசிறிக் காற்று நேராக மார்பில் படும்போது நான் நகர்ந்து உட்கார்ந்ததை வீட்டில் எல்லோரும் வியப்பாகத்தான் பார்த்தார்கள்.

வந்த வாரத்திலேயே நகரின் ஒரு தனியார் மருத்துவமனையில் இதயப் பரிசோதனைக்குச் சென்றேன். டோக்கன், இரத்த அழுத்தம், எடை எல்லாம் விரைவாக முடிந்தன. அந்த வேகம் இங்கிலாந்தில் நினைத்துப் பார்க்க முடியாதது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஈசிஜி அறையில்தான் துன்பம் நேர்ந்தது. ஈசிஜியில் மார்புக்கான ஆறு முனைகள் நெஞ்செலும்பின் இரு ஓரத்திலிருந்து தொடங்கி இடது மார்பின் கீழாக அக்குள் பக்கம் வரை வைக்கப்படுபவை. அதாவது என் உடம்பில் எந்த இடம் எரிகிறதோ, சரியாக அதே இடம். அங்கே ஒட்டும் பட்டைகளுக்குப் பதிலாக உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர்க் குமிழ்களை வைத்திருந்தார்கள். பணியாளர் தழும்பைப் பார்த்தும் எதுவும் கேட்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினார், நான் கத்தியபோது “அசையாதீங்கம்மா, லைன் சரியா வராது” என்று மட்டும் சொன்னார். பின்னர் பார்த்த மருத்துவர் எக்கோ என்ற இதய ஸ்கேனையும் ஈசிஜியையும் புரட்டிவிட்டு, இதயம் நன்றாக வேலை செய்கிறது, தழும்பு ஆறிவிட்டது என்றார். எரிச்சலைப் பற்றி நான் இரண்டாம் முறை சொன்னபோது சாதாரண வலி மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார். பைபாஸ் செய்தவர்கள் அத்தகைய மாத்திரைகளில் பலவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பதால் நான் அதை வாங்கவில்லை. நரம்பு வலிக்கு அவை பெரும்பாலும் கேட்பதும் இல்லை.

மதுரை கே.கே. நகரில் ஒரு சிறிய கிளினிக் நடத்தும் நரம்பியல் மருத்துவரிடம் அண்ணி அழைத்துச் சென்றபோதுதான் என் தொந்தரவு ஒரு நோயாக மதிக்கப்பட்டது. அவர் ஒரு பஞ்சுத் திரியை எடுத்து, “இதால தொடப் போறேன், எந்த இடத்துல மாறுதுன்னு நீங்களே சொல்லுங்க” என்றார். நல்ல தோலிலிருந்து தொடங்கி மெல்ல உள்ளே வந்து, மரத்த பகுதிக்கு ஒரு கோடும் எரியும் பகுதிக்கு ஒரு கோடும் பேனாவால் வரைந்தார். அடுத்த முறை பார்க்கும்போது அந்த வட்டம் சுருங்கியிருக்கிறதா என்று ஒப்பிடுவதற்காக அதை என் கைபேசியிலேயே படமெடுத்துக்கொள்ளச் சொன்னார். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு, நெடுங்காலமாக மெட்ஃபார்மின் எடுக்கிறேன். அந்த மருந்து உடம்பில் பி12 வைட்டமினைக் குறைக்கக்கூடும், பி12 குறைந்தால் நரம்பு ஆறுவது தாமதமாகும் என்று விளக்கி, அதற்கு மட்டும் ஓர் இரத்தப் பரிசோதனை எழுதினார். எது நரம்பு வலி இல்லை என்பதையும் அவர்தான் பிரித்துச் சொன்னார்: நடக்கும்போது நெஞ்சை இறுக்கிப் பிடிப்பது, வியர்வையோடு தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மூச்சுத்திணறல் ஆகியவை வந்தால் 108ஐ அழைக்க வேண்டும், தழும்பில் சீழ், காய்ச்சல், இருமும்போது எலும்பு ‘கடக்’கென்று அசைவது ஆகியவை தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவ்வளவு பொறுமையான விளக்கம் எனக்கு இங்கிலாந்திலும் கிடைக்கவில்லை.

மருந்துக்கடை விஷயத்தில் எச்சரிக்கை தேவை. நரம்பு வலி என்று சொன்னவுடன் ஒரு மெடிக்கலில் மருந்துச்சீட்டு கேட்காமலேயே நரம்பு வலி மருந்தான பிரிகாபலினும் பி12 வைட்டமினின் ஒரு வடிவமான மெத்தில்கோபாலமினும் சேர்ந்த மாத்திரை அட்டையை எடுத்து வைத்தார்கள். 75 மில்லிகிராமும் 1500 மைக்ரோகிராமும் கலந்த இந்தக் கூட்டு மாத்திரை இங்கே பரவலாக விற்கிறது. நான் ஏற்கெனவே நரம்பு வலிக்குக் காபாபென்டின் எடுப்பவள். அதுவும் பிரிகாபலினும் ஒரே வகை மருந்துகள், சேர்த்து விழுங்கினால் மயக்கமும் தள்ளாட்டமும் வரும், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். காபாபென்டினைத் திடீரென்று நிறுத்துவதும் கூடாது என்பதால், பயண நாட்களுக்கு மேல் சில நாட்களுக்கான மாத்திரையை அங்கிருந்தே கைப்பையில் கொண்டுவந்திருந்தேன். வேறொரு கடையில் இருந்த இளம்பெண், “இப்ப என்ன மாத்திரை போடுறீங்கக்கா?” என்று முதலில் கேட்டுவிட்டு, மருத்துவர் சீட்டில்லாமல் தர முடியாது என்று மறுத்தார். அந்த மறுப்பையே நான் நல்ல சேவை என்பேன்.

எனக்கு மிகப் பெரிய பயன் தந்தது எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. எதிர்வீட்டுப் பெரியம்மா பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். 2021 ஆகஸ்டு 5இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ் இயன்முறை மருத்துவர் ஒருவர் அவர் வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார். பெரியம்மாவுக்கான நேரம் முடிந்த பிறகு, திண்ணையில் உட்கார்ந்திருந்த என் கேள்விக்கு அவர் கருணையோடு விடை சொன்னார். எரிகிற இடத்தை மூடி மூடிப் பாதுகாத்தால் நரம்பு அடங்காது. தொடுதல் ஆபத்தில்லை என்று அதற்குப் பழக்க வேண்டும் என்றார். வீட்டிலிருந்த துணிகளையே வரிசைப்படுத்தினார்: முதலில் பஞ்சு, அடுத்துப் பட்டு, பிறகு பலமுறை துவைத்த சேலை, அதற்குப் பின் வேட்டியின் ஓரம், கடைசியில் துவாலை. உணர்வு சரியாக இருக்கும் தோலிலிருந்து தொடங்கி எரியும் எல்லைக்குள் சில நிமிடங்கள் தடவ வேண்டும். ஒரு நாளில் பலமுறை செய்ய வேண்டும். ஒரு துணி பொறுக்க முடிந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். வருடுவதைவிட உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பது உடனே ஆறுதல் தரும் என்பதையும் காட்டினார், அதுவும் என் கையைக்கொண்டே. இங்கிலாந்து திரும்பும் நேரத்தில் வேட்டி ஓரம் வரை வந்துவிட்டேன்.

இதே திண்ணையில் தைலம் தேய்க்கவும் கிழி கட்டி ஒத்தடம் கொடுக்கவும் அன்போடு முன்வந்தவர்கள் பலர். கற்பூரமும் புதினா உப்பும் கலந்த தைலம் இந்தத் தோலில் நெருப்பாக எரியும். மரத்த இடத்தில் சூடு தெரியாது என்பதால் ஒத்தடம் கொப்புளமே ஆக்கிவிடும். அத்தைமார் மனம் நோகாமல் இதை மறுக்க, “டாக்டர் கூடாதுன்னுட்டார்” என்ற ஒரு வரி போதும்.

உடையும் நகையும்தான் பெண்களுக்கு உண்மையான சிக்கல். பைபாஸ் பற்றி மருத்துவமனைகள் தரும் தாள்களில் இவை அரிதாகவே பேசப்படுகின்றன. சேலையின் முந்தானை இடது தோளில் விழுகிறது, அதன் கனம் முழுவதும் இடது மார்பில் உரசுகிறது, பட்டின் சரிகையோ கீறுகிறது. ரவிக்கையின் முன்தையல் தழும்பின் மேலேயே ஓடுகிறது. மார்பின் கனம் தழும்பை இருபுறமும் இழுக்காமலிருக்க உள்ளாடையை விடவும் முடியாது. ஊரிலுள்ள தையற்கார அம்மா ஒருவரிடம் இவற்றைச் சொன்னபோது, அவர் அளவு நாடாவை என் மேல் வைக்கவே இல்லை. நான் கொடுத்த பழைய ரவிக்கையை விரித்து அளந்துகொண்டார். கொக்கிகளை நடுவிலிருந்து வலப்பக்கமாகத் தள்ளி, உட்புறத் தையல் விளிம்புகளை வெளிப்புறமாகத் திருப்பி, பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்து உள்துணியாக வைத்துத் தைத்தார். சௌராஷ்டிர மக்களின் கைவண்ணமான மதுரைச் சுங்குடி நல்ல பருத்தி என்றாலும், புதிதாகக் கஞ்சி ஏறிய நிலையில் அது இந்தத் தோலுக்கு ஆகாது. பலமுறை துவைத்து நைந்ததே வேண்டும் என்பது அவருடைய யோசனைதான். திருமணத்தன்று சேலை கட்டிவிட வந்த பெண்ணும் முதலில் எங்கே வலிக்கும் என்று கேட்டு, முந்தானை மடிப்புகளைக் குறைத்து, அடியில் ஒரு பருத்தித் துண்டை வைத்து ஊசி குத்தினார்.

தாலிக்கொடி நேராகத் தழும்பின் மேல் புரளும். அதைக் கழற்றி வைக்க எனக்கு மனமில்லை, அணிந்தால் தூக்கமில்லை. தெற்கு ஆவணி மூல வீதியில் ஒரு நகைக்கடையில் இருந்த ஆசாரி, கொடியை வெட்ட வேண்டாம் என்று சொல்லி, ஒரு நூலை என்னிடமே கொடுத்து எந்த உயரத்தில் உறுத்தாது என்று பிடித்துக் காட்டச் சொன்னார். தழும்பு தொடங்கும் இடத்துக்கு மேலே, தொண்டைக் குழியில் திருமாங்கல்யம் தங்கும்படி மென்மையான மஞ்சள் கயிற்றில் கோத்துத் தந்தார். கொடி இப்போது பெட்டியில் இருக்கிறது.

வாடகைக் கார் பற்றி ஒரே ஒரு செய்தி. முன்னிருக்கையில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் பெல்ட் இடது தோளிலிருந்து இடது மார்பைக் கடந்து வருகிறது. ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தால் வலது தோளிலிருந்து வருவதால் இடது மார்பின் மேற்பகுதி தப்பிக்கிறது. பல வண்டிகளில் பின்னிருக்கை பெல்ட் சீட் உறைக்கு அடியில் புதைந்திருப்பதால், வண்டி பேசும்போதே அதை எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். தழும்புக்கும் பெல்ட்டுக்கும் இடையில் ஒரு சிறு தலையணை வைத்தால் வேகத்தடைகளில் ஏறி இறங்குவது பொறுத்துக்கொள்ளக்கூடியதாகிறது. ஷேர் ஆட்டோவில் ஏறவே கூடாது.

மீனாட்சியம்மன் கோயிலில் கூட்டம் குறைந்த அதிகாலையில் அம்மனைப் பார்த்தேன். சோதனை வாசலில் பெண் காவலரிடம் தாழ்ந்த குரலில் நெஞ்சறுவை என்று சொன்னதும், கையால் தடவாமல் கருவியை மட்டும் காட்டி அனுப்பினார். மதுரை விமான நிலையத்திலும் திரை போட்ட கூண்டுக்குள் அதே மரியாதை கிடைத்தது. ஆனால் சக்கர நாற்காலியிலிருந்து எழுப்ப வந்த பணியாளர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தார். நெஞ்சறுவை ஆனவர்களை ஒருபோதும் அப்படித் தூக்கவோ கையைப் பிடித்து இழுக்கவோ கூடாது, முதுகில் கை கொடுத்தால் போதும்.

கடைசியாகப் பயணத் தாள்கள். காபாபென்டினும் பிரிகாபலினும் இங்கிலாந்தில் 2019 ஏப்ரல் முதல் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். ஆகவே மருத்துவரின் கடிதம், மருந்துச்சீட்டின் நகல், அறுவை சிகிச்சையின் டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் மாத்திரைகளோடு அவற்றின் அசல் அட்டைப்பெட்டியிலேயே கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சம்மரியில் எந்தத் தமனி எடுக்கப்பட்டது என்ற வரியை அடிக்கோடிட்டு வையுங்கள், கே.கே. நகர் மருத்துவர் முதலில் தேடிப் படித்தது அந்த வரியைத்தான்.