முதலில் இடுக்குகளை அடைப்பதா, வெப்ப பம்ப் வாங்குவதா?

தாமே கட்டிய வீட்டில் சூடேற்றும் செலவைக் குறைக்க நினைப்பவர்முன் இவ்விரு வழிகளும் நிற்கின்றன. வெளியிலுள்ள வெப்பத்தை வீட்டுக்குள் இறைத்து, ஓர் அலகு மின்சாரத்திற்கு ஏறத்தாழ 3 அலகு வெப்பம் தரும் வெப்ப பம்ப், 1 அலகு மட்டுமே தரும் சாதாரண மின்சூடேற்றியை எளிதில் வெல்கிறது. கடுங்குளிரில் அந்த விகிதம் சரியும். கசிவோ வேறு வகை இழப்பு: சூடான காற்று மேலெழுந்து கூரையோர இடுக்குகள் வழியே வெளியேற, அந்த இடத்தை நிரப்பக் குளிர்காற்று தரையோரமாக உள்ளே இழுக்கப்படுகிறது. ஆகவே வாசலில் விசிறி பொருத்தி, 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் கசிவை அளந்து, கூரையடியையும் குழாய்கள் நுழையும் துளைகளையும் முதலில் அடைப்பதே என் தேர்வு (சன்னலில் தொடங்குவோரே அதிகம், அது கண்ணில் படுவதால்). பின்னர் சிறிய பம்ப்பே போதுமானதாகலாம். ஆனால் இறுக அடைத்த வீட்டுக்குத் திட்டமிட்ட காற்றோட்டமும், உள்ளே விறகடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் கட்டாயம் தேவை.