கார்பன் ரிப்போர்ட்டுக்குப் பணம் கொடுத்து ஏமாந்தேன், பீன்யாக்காரர்கள் கவனிக்கவும்

பெங்களூரு பீன்யாவில் பதினாறு வருடமாக போல்ட், நட்டு செய்கிறோம். சரக்கில் பாதிக்கு மேல் ஜெர்மனியில் ஒரே பையருக்குப் போகிறது. 2024 ஜூனில் அவர் மெயில் அனுப்பினார், இனி ஒவ்வொரு காலாண்டும் உங்கள் சரக்கைச் செய்வதில் எவ்வளவு கார்பன் வெளியாகிறது என்று கணக்கு வேண்டும் என்று. சிபாம் என்கிறார்களே, ஐரோப்பிய யூனியன் எல்லையில் போடும் கார்பன் வரி, அதற்காக. 2023 அக்டோபரில் வெறும் கணக்குக் கேட்பதில் தொடங்கினார்கள், 2026 ஜனவரியிலிருந்து இறங்கும் சரக்குக்கு இறக்குமதி செய்பவர் காசு கட்ட வேண்டும். இரும்பு, அலுமினியத்தோடு போல்ட்டும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கணக்கு தராவிட்டால் ஆர்டர் போய்விடும், நாற்பது பேர் வேலை அதில் இருக்கிறது.

அப்போதுதான் தெரிந்தவர் மூலம் அந்த கன்சல்டன்ட் வந்தார். சேலத்துக்காரர். "அண்ணே, பதினஞ்சு நாள்ல ரிப்போர்ட் கையில இருக்கும், நீங்க தொழிலைப் பாருங்க" என்றார். நாள் முழுக்க கன்னடமும் இந்தியும் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒருத்தர் ஊர்ப் பேச்சில் பேசினால் நம்பிக்கை வந்துவிடுகிறது, எனக்கும் வந்தது. 1,80,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி, பாதி அட்வான்ஸ். ஃபேக்டரிக்குள் அவர் ஒரு நாள்கூடக் கால் வைக்கவில்லை. பெஸ்காம் கரண்ட் பில், டீசல் பில், ஃபர்னஸ் கேஸ் பில் எல்லாம் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டார். அப்புறம் 64 பக்க ரிப்போர்ட் வந்தது, கூடவே தங்க பார்டர் போட்ட 'கார்பன் நியூட்ரல்' சான்றிதழ், அதாவது வெளிவிடும் கார்பனை முழுக்க ஈடுகட்டிவிட்டோம் என்று. கனகபுரா பக்கம் 200 மரக்கன்று நட்டதாகச் சொல்லி அதற்குத் தனியாக 40,000.

பையர் மூன்றே நாளில் இரண்டு கேள்வி கேட்டார். மின்சாரத்துக்கு எந்த நாட்டுக் கணக்கைப் போட்டீர்கள்? போல்ட் செய்ய வாங்கும் எஃகுக் கம்பி, அதாவது வயர் ராட், கணக்கில் எங்கே?

அன்று ராத்திரி கால்குலேட்டரோடு உட்கார்ந்தேன். எங்களுக்கு வருடத்துக்கு 4,80,000 யூனிட் கரண்ட். ரிப்போர்ட்டில் அதற்கு 99 டன் என்று இருந்தது. வகுத்துப் பார்த்தால் யூனிட்டுக்கு 0.207 கிலோ. தேடினால் அது பிரிட்டன் அரசு அங்கே உள்ள கம்பெனிகளுக்காக 2023-ல் வெளியிட்ட எண். நம் நாட்டில் கரண்ட் பெரும்பாலும் நிலக்கரியில் வருகிறது, மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கில் யூனிட்டுக்கு 0.7 கிலோவுக்குச் சற்று மேல். அப்படிப் போட்டால் சுமார் 340 டன். உங்கள் ரிப்போர்ட்டையும் இதே மாதிரி வகுத்துப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. 0.7 பக்கத்தில் வரவில்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள், ஏன் என்று கேளுங்கள்.

வயர் ராட் விஷயம் இதைவிட மோசம். வருடம் 900 டன் வாங்குகிறோம். பிளாஸ்ட் ஃபர்னஸில், அதாவது நிலக்கரி போட்டு இரும்புத் தாதை உருக்கும் உலையில், செய்த எஃகு என்றால் டன்னுக்கு 2 டன் கார்பன் டை ஆக்சைடுக்கு மேல், அதாவது அது மட்டுமே 1,800 டன்னைத் தாண்டும், எங்கள் கரண்ட் அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. அதை மொத்தமாக விட்டுவிட்டார். போன் போட்டுக் கேட்டால், "அது ஸ்கோப் 3 அண்ணே, கட்டாயம் இல்லை" என்றார். ஸ்கோப் 3 என்றால் நாம் வெளியில் வாங்கும் பொருள் மாதிரி மற்றவர் வழியாக வரும் கார்பன். சாதாரண கம்பெனி ரிப்போர்ட்டில் அது விருப்பம்தான், உண்மை. ஆனால் சிபாமில் போல்ட்டுக்குள் இருக்கும் எஃகின் கார்பனையும் சேர்த்தே ஆக வேண்டும். கரண்ட் எண்ணைக் கேட்டதற்குச் சொன்ன பதில்தான் இன்னும் ஆறவில்லை: "இந்தியா நம்பர் போட்டா ஜாஸ்தியா வரும் அண்ணே, பையர் ஓடிடுவாரு." தெரிந்தேதான் செய்திருக்கிறார்.

மரக்கன்றுப் பணமும் வீண். கார்பன் கிரெடிட், அதாவது வேறு இடத்தில் குறைத்த கார்பனுக்கான சான்று, வாங்கினால் அதற்குப் பதிவேட்டில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும், வேறு யாரும் திரும்பப் பயன்படுத்த முடியாதபடி உங்கள் பெயரில் கணக்குத் தீர்த்திருக்க வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு போட்டோ மட்டும். சீரியல் நம்பரோடு வாங்கியிருந்தாலும் சிபாமில் அதைக் கழிக்க முடியாது.

குறைப்பது எப்படி என்று எழுதிய பக்கங்களில் எல்இடி, சோலார், மரம், இவ்வளவுதான். அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சூப்பர்வைசர் எல்லா மெஷினையும் நிறுத்தி கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டார். காற்றை யாரும் எடுக்காதபோதும் சில நிமிடத்துக்கு ஒருமுறை அது லோடு எடுத்தது, அப்படியென்றால் எங்கோ காற்று கசிகிறது. சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டே போனோம், த்ரெட் ரோலிங் மெஷின் பின்னாடி இருந்த ஒரு ஜாயின்ட்டில் நுரை கொப்பளித்தது, அப்படி மொத்தம் பதினொரு இடம். ஹோஸும் கிளாம்பும் மாற்ற 6,000 ரூபாய் ஆனது. மாதம் சுமார் 2,500 யூனிட் குறைந்திருக்கிறது, கார்பனில் 1.8 டன் மாதிரி. ஒரு தடவை நேரில் வந்திருந்தால் அவரே கண்டுபிடித்திருக்கலாம்.

எஃகு வாங்கும் மில்லிடம் எழுதிக் கேட்டு அவர்கள் எண்ணை வாங்கிவிட்டேன், சரியான கணக்கு பையருக்குப் போய்விட்டது. மீதிப் பணத்தை நான் தரவில்லை.

இன்னொன்று. ரிப்போர்ட்டின் 41-ஆம் பக்கத்தில் "தையல் கூடத்தில் உள்ள அயர்ன் டேபிள்கள்" என்று இருக்கிறது. எங்களிடம் தையல் கூடம் கிடையாது. யாரோ ஒரு கார்மென்ட்ஸ்காரர் ரிப்போர்ட்டை அப்படியே எடுத்துப் பெயரை மாற்றியிருக்கிறார். இதைப் படிக்கிறவர்களில் அது உங்கள் கம்பெனியாக இருந்தால், உங்கள் கரண்ட் கணக்கிலும் 0.207 தான் இருக்கும், உடனே எடுத்துப் பாருங்கள்.