அரிசோனா எல்லையில் வில் வேட்டைக்கு முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

தெற்கு அரிசோனாவில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய மலைகளில் ஜனவரி மான் வேட்டைக்குக் கூட்டிப்போகிறேன் என்று விளம்பரம் செய்கிறவர்கள் நிறைய. அவர்களில் நேர்மையாகத் தொழில் செய்கிறவர்களையும் எனக்குத் தெரியும். எங்களுக்கு வாய்த்தவர் அந்த ரகம் இல்லை. பெயர் போடவில்லை, புகார் மாநில வேட்டைத்துறையிடம் இருக்கிறது. ஆனால் அவர் விற்ற அதே சரக்கை வேறு பெயரில் வேறு ஆட்களும் விற்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

அந்த மலைகளில் இருப்பது கூஸ் மான். வெண்வால் மானில் சின்ன இனம், நன்கு வளர்ந்த ஆணே 45 கிலோ தேறினால் பெரிது. ஓக் மரமும் காய்ந்த புல்லும் கலந்த சரிவில் அசையாமல் நின்றால் கண்ணெதிரே இருந்தும் தெரியாது. ‘சாம்பல் பேய்’ என்று அங்கே பட்டப்பெயரே உண்டு. ஜனவரி அதற்கு இணைசேரும் காலம், அதனால் ஆண் மான் பகலிலும் பெண்ணைத் தேடி அலையும். வில்லோடு போகிறவனுக்கு வருடத்தில் அதைவிட நல்ல நேரம் கிடையாது. இந்த மாநிலத்தில் குடியிருப்பவருக்கு வில் வேட்டை அனுமதிக்குக் குலுக்கலும் இல்லை. நான் வேட்டையும் மீன்பிடிப்பும் சேர்ந்த லைசென்ஸுக்கு 57 டாலர், ஒரு மான் அடிக்க அனுமதிக்கும் டேக்குக்கு 45 டாலர் கொடுத்து நேராகக் கடையிலேயே வாங்கினேன்.

கூட வந்தவன் அலுவலகத் தம்பி, சேலத்துக்காரன். இரண்டு பேரும் ஃபீனிக்ஸ் வடக்கே பென் ஏவரி திடலில் அம்பு விட்டுப் பழகியவர்கள். எல்லைப் பக்கம் இருவருக்கும் புதிது என்பதால் வழிகாட்டி ஒருவரைப் பிடித்தோம். தலைக்கு 1,400 டாலர். ஐந்து நாள் வேட்டை, கூடாரம், சாப்பாடு, “வேறு யாரும் நுழைய முடியாத தனியார் பண்ணை”. முன்பணம் 500 கார்டில் போனது. மீதியை ஸெல் (Zelle) என்ற வங்கிப் பணப்பரிமாற்றச் சேவையில்தான் அனுப்ப வேண்டும் என்றார். அப்புறம் இன்னொரு குறுஞ்செய்தி: எல்லைப் பகுதி அனுமதிக் கட்டணம், தலைக்கு 150, அதுவும் ஸெல்லில். பார்டர் பேட்ரோலுக்குக் கட்ட வேண்டியது என்றார்.

அப்படி ஒரு கட்டணமே கிடையாது. பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் வன நிலத்தில் மான் வேட்டையாட பார்டர் பேட்ரோலிடம் தனி அனுமதி வாங்க வேண்டியதில்லை. சாலையில் அவர்களுடைய சோதனைச் சாவடி இருக்கும், நிறுத்திக் கேட்பார்கள், பதில் சொல்லிவிட்டுப் போகலாம். மலைப்பாதையில் வண்டியை நிறுத்தினால் ஒரு ஜீப் வந்து பார்த்துவிட்டுப் போகும். விடியற்காலை பைனாகுலரை முக்காலியில் மாட்டி உட்கார்ந்த நேரத்தில் தலைக்கு மேல் ஹெலிகாப்டர் தாழப் பறந்து மானையெல்லாம் கலைத்துவிடும். இதற்கெல்லாம் யாரும் ரசீது தருவதில்லை.

பணம் போன பிறகு படம் வந்தது. விலங்கு கடக்கும்போது தானாகப் படமெடுக்கும் டிரெயில் கேமராவில் போன வாரம் எடுத்தது என்று ஒரு ஆண் மான். நல்ல கொம்பு. தம்பிதான் போனில் பெரிதாக்கிப் பார்த்து, “அண்ணே, கொம்பு ஏன் பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கு?” என்றான். வெல்வெட் தோல். மானுக்குக் கொம்பு வளர்வது கோடையில், அப்போது அதன் மேல் ரோமம் அடர்ந்த மெல்லிய தோல் போர்த்தியிருக்கும். செப்டம்பர் வாக்கில் மரத்தில் உரசி உரித்துவிடும். ஜனவரியில் வழுவழுப்பான வெறும் கொம்புதான் இருக்கும். அது மட்டுமில்லை, மானுக்குப் பின்னால் நின்ற, மழைக்குப் பிறகு இலை விடும் பாலைவனச் செடியான ஒகோட்டியோ அடி முதல் நுனி வரை பச்சை இலையாக இருந்தது, தரையெல்லாம் கோடைப் பருவமழைப் புல். தேதியும் வெப்பநிலையும் அச்சாகும் கீழ்ப்பட்டை மட்டும் பாங்காக வெட்டப்பட்டிருந்தது. ஆகஸ்டில் எடுத்த படத்தை ஜனவரிக்கு விற்றிருக்கிறார்.

படம் உண்மையாகவே போன வாரத்தியது என்றாலும் சிக்கல்தான். 2022 ஜனவரி 1 முதல் அரிசோனாவில் வேட்டைக்கு உதவியாக டிரெயில் கேமரா வைப்பதே தடை. கேட்டால், “அதே மான் இங்கேதான் இருக்கிறது, பாருங்கள்” என்று தோளைத் தட்டினார். இந்த மாநிலத்து வழிகாட்டி ஒருவர் கேமராப் படம் காட்டி ஆள் பிடித்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

தனியார் பண்ணை என்றாரே, அந்தக் கதைக்கு வருகிறேன். ஒரு சங்கிலிக் கதவைத் திறந்து உள்ளே விட்டார். இரண்டு வளைவு தாண்டியதும் பழுப்பு நிறக் குச்சிக் கம்பத்தில் வன சாலை எண். நிலம் யாருடையது என்று காட்டும் ஆன்எக்ஸ் வரைபடத்தைப் போனில் திறந்தால் சுற்றிலும் கொரோனாடோ தேசிய வனம். மாடு மேய்க்க உரிமம் பெற்ற பண்ணைக்காரர் வேலியும் கதவும் போட்டிருப்பார், அதனால் நிலம் அவருடையது ஆகிவிடாது. கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் போகலாம். இலவசமாக நுழையக்கூடிய இடத்துக்குத்தான் நாங்கள் பணம் கட்டியிருந்தோம். வன நிலத்தில் காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் கூட்டிப்போக வனத்துறையின் தனி அனுமதி வேண்டும், மாநில வேட்டைத்துறையின் வழிகாட்டி லைசென்ஸும் வேண்டும். இரண்டையும் காட்டச் சொன்னோம். “நான் பாதி வழிகாட்டிதானே, அதற்குத் தேவையில்லை” என்றார். பாதி லைசென்ஸில் ஓட்டுகிறேன் என்று ஒரு பஸ் டிரைவர் சொன்னால் ஏறுவோமா?

கூடாரம் மாட்டுக் குட்டையிலிருந்து கல்லெறி தூரத்தில் இருந்தது. விலங்குகள் தண்ணீருக்கு வர முடியாதபடி நீர்நிலையிலிருந்து கால் மைலுக்குள் முகாம் போடக் கூடாது என்பது சட்டம். சட்டத்தை விடுங்கள், ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் ஓடும் இடத்துக்கு எந்த மான் தண்ணீர் குடிக்க வரும்? அந்தக் குட்டைக் கரையிலேயே மறைவுக்கூடாரம் போட்டு எங்களை உட்கார வைத்தார். முந்தின வாரம்தான் மழை பெய்து ஓடைப் பள்ளங்களிலெல்லாம் தண்ணீர் தேங்கியிருந்தது. வறண்ட வருடத்தில் குட்டைக் காவல் பலிக்கும், மழைக்குப் பிறகு வெறும் உட்காரல்தான். விடியும்போது தண்ணீர் பாட்டிலில் ஐஸ், பதினோரு மணிக்குச் சட்டை நனைகிற வெயில். எங்களுக்குக் காட்சி கொடுத்தது இரண்டு கன்றுக்குட்டி.

அந்த நிலத்தில் வேட்டை என்றால் எதிர்ச்சரிவை மணிக்கணக்காகப் பைனாகுலரில் துழாவ வேண்டும். மான் படுத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, காலையில் காற்று சரிவில் கீழ்நோக்கி இறங்கும், வெயில் ஏறினதும் மேல்நோக்கித் திரும்பும் என்பதைக் கணக்கில் வைத்து, சோயா (cholla) கள்ளி முள்ளுக்கும் கேட்கிளா முட்புதருக்கும் நடுவில் நாற்பது கஜம் வரை நெருங்க வேண்டும். இதைச் சொல்லித்தருவதற்குத்தான் வழிகாட்டிக்குக் காசு. இவரிடம் முக்காலிகூட இல்லை.

இத்தனையையும் பொறுத்துக்கொண்டிருப்போம். பொறுக்க முடியாதது புதன்கிழமை நடந்தது. அரிசோனாவில் இப்போது ஒவ்வொரு யூனிட்டுக்கும், அதாவது துறை பிரித்து எண் கொடுத்த வேட்டைப் பகுதிக்கும், வில் வேட்டையில் இத்தனை மான் என்று ஒரு வரம்பு உண்டு. மான் அடித்தவர் 48 மணி நேரத்துக்குள் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வரம்பு நிறைந்துவிட்டால் அடுத்து வரும் புதன்கிழமை சூரியன் மறைவதோடு அந்த யூனிட் மூடப்படும். இது துறையின் இணையப் பக்கத்தில் வரும், தொலைபேசியிலும் கேட்கலாம். எங்களை அவர் முகாமுக்கு வரச்சொன்னது செவ்வாய்க்கிழமை. அதற்கு முன்பே மூடல் அறிவிப்பு வந்திருந்தது. முகடு ஒன்றில் சந்தித்த டூசான் பெரியவர் ஒருவர்தான், “இன்றைக்குச் சாயங்காலத்தோடு முடிகிறது, தெரியும் இல்லையா?” என்று கேட்டார். மலையேறி ஒரு கோடு சிக்னல் கிடைத்த இடத்தில் பார்த்தால் உண்மை. ஐந்து நாளுக்குப் பணம் வாங்கியவர், இரண்டாம் நாள் மாலையோடு கதவு சாத்தப்படும் என்று தெரிந்தே கூப்பிட்டிருக்கிறார். இங்கே மூடினாலும் திறந்திருக்கும் வேறு யூனிட்டில் அதே டேக் செல்லும். நேர்மையான ஆள் என்றால் முகாமையே அங்கே மாற்றியிருப்பார்.

இவர் சொன்னது வேறு. “யார் பார்க்கப் போகிறார்கள்? வியாழன் காலை குட்டைக்கே போங்கள். அடித்தால் பக்கத்து யூனிட்டில் அடித்ததாகப் பதிவு செய்துகொள்ளலாம்.” தம்பி முகம் வெளுத்துவிட்டது. “அண்ணே, மாட்டினா நமக்குத்தான் கேஸு. நான் விசாவுல இருக்கேன், கிளம்பலாம்” என்றான். இருட்டும் முன் மூட்டையைக் கட்டிவிட்டோம். மீதிப் பணத்தைக் கேட்டதற்கு, “வேட்டையில் உத்தரவாதம் கிடையாது” என்ற வசனம் வந்தது. மான் கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் கேட்கவில்லை. வேட்டையாடச் சட்டப்படி நாள் இருக்க வேண்டும் என்றுதான் கேட்டோம்.

கம்பத்தின் படம், மூடல் அறிவிப்பு, பேசிய குறுஞ்செய்திகள் எல்லாம் அனுப்பியதில் கார்டு நிறுவனம் முன்பணத்தைத் திருப்பிவிட்டது. ஸெல்லில் போனது போனதுதான். எனவே முழுப்பணத்தையும் கார்டிலேயே வாங்கிக்கொள்ளத் தயாரா என்று கேளுங்கள். தயங்கினால் அதுவே பதில். லைசென்ஸ் படத்தை அவரிடமிருந்து வாங்கி நிறுத்தாமல், துறைக்குப் போன் செய்து அந்தப் பெயரில் நடப்பு வருட லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். வேட்டை எந்த யூனிட், எந்த வன சாலை என்பதை எழுத்தில் வாங்குங்கள். யூனிட் மூடினால் எங்கே மாற்றுவார், பணம் என்ன ஆகும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். பாபோகிவாரி மலைக்கு மேற்கே என்று யாராவது சொன்னால் இன்னும் கவனம். அது டொஹோனோ ஓ’ஓதம் பழங்குடி நிலம், மாநில டேக் அங்கே செல்லாது.

நாங்கள் வேட்டைக் குற்றங்களைச் சொல்லத் துறை வைத்திருக்கும் ‘ஆபரேஷன் கேம் தீஃப்’ எண்ணில் புகார் சொன்னோம். பேசிய அதிகாரி கேமராப் படத்தின் மூலக் கோப்பைத்தான் முதலில் கேட்டார், அதனால் இவரைப் போன்றவர்களிடம் பணம் கட்டியிருந்தால் எந்தச் செய்தியையும் அழிக்காதீர்கள். ஆள் இப்போது ஆகஸ்ட் சீசனுக்கு விளம்பரம் போட்டிருக்கிறார். அதே மான், அதே படம். ஆகஸ்டுக்கு வெல்வெட்டாவது பொருந்தும்.