பழைய சாமானைக் கையில் வாங்காமல் காரை எடுக்காதீர்கள்

திருகோணமலையில் பழைய டொயோட்டா கொரொல்லா 110 கார் வைத்திருப்பவர்கள் இதை ஒருமுறை வாசியுங்கள்.

குழியில் இறங்கினால் முன்பக்கம் சத்தம், ஸ்டியரிங்கிலும் ஆட்டம். டவுனில் ஒரு கராஜில் காட்டினேன். "ரெண்டு பக்கமும் ரை ரொட் எண்ட், ரெக் எண்ட், நாலும் மாத்தவேணும் அண்ணன். ஜப்பான் சாமானே போடுறன்" என்றார் பாஸ் (மெக்கானிக்). ஸ்டியரிங்கிலிருந்து சில்லைத் திருப்பும் தண்டின் உட்பக்க மூட்டு ரெக் எண்ட், சில்லுப் பக்க மூட்டு ரை ரொட் எண்ட். கூலியோடு 31,000 ரூபாய். பின்னேரம் காரை எடுக்கும்போது கழற்றிய பழசைக் கேட்டேன். இரும்புக்காரரிடம் கொடுத்தாயிற்றாம். எலைமெண்ட், அதாவது சில்லுகளின் கோணத்தைச் சரிபார்ப்பது? "தேவையில்லை, மரை எண்ணித்தான் பூட்டினேன்" என்றார், பழசு எத்தனை மரை ஏறியிருந்ததோ அதே அளவுக்கு. மரை எண்ணிப் பூட்டுவது எலைமெண்ட் செய்யும் இடம்வரை மெதுவாக ஓட்டிப்போகத்தான் போதும். அது எனக்கு அப்போது தெரியாது.

நாலு கிழமையில் புது ரயர் இரண்டும் உட்பக்கம் தேய்ந்துவிட்டன. ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்குகிறது, மறுபக்கமாகத் தடவினால் கையைக் கீறுகிறது.

எலைமெண்ட் செய்யும் தம்பி காரைத் தூக்கி, சில்லை இடமும் வலமும் பிடித்து ஆட்டினார். இடது சில்லு 'டக்' என்றது. அந்தப் பக்க ரை ரொட் எண்டில் கறுப்புப் பெயின்ற் பளபளத்தது. பெருவிரலால் தேய்த்தார்; பெயின்ற் உரிந்து துரு தெரிந்தது. ரெக் எண்டை மூடும் ரப்பர் உறையின் கிளிப்பில் பழைய சேறு காய்ந்தபடியே கிடந்தது, இரண்டு பக்கமும். அந்தக் கிளிப்பைக் கழற்றாமல் ரெக் எண்ட் மாற்ற வழியே இல்லை.

புதிதாகப் போட்டது வலது பக்க ரை ரொட் எண்ட் ஒன்று மட்டும். அதிலும் நட் கழராமல் செருகி மடிக்கும் ஸ்பிளிட் பின் இல்லை, கட்டுக்கம்பித் துண்டொன்று செருகியிருந்தது. தம்பி நட்டை விரலால் சுற்றிக் காட்டினார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. போன கிழமைதான் அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஹபரணை வழியாகக் கண்டிக்குப் போய்வந்தேன். அந்த நட் கழன்று சில்லு தனியே திரும்பியிருந்தால் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் வெட்டியும் பயனில்லை.

கராஜுக்குப் போய்க் கேட்டேன். வேலைக்கு நிற்கும் பொடியன் செய்த பிழை என்று 5,000 ரூபாயை நீட்டினார். பொடியனா பெயின்ற் அடிக்கச் சொன்னான்? வாங்காமல் வந்துவிட்டேன்.

பிறகு வேறொரு இடத்தில் பக்கத்திலேயே நின்று செய்வித்தேன். சாமான் பெட்டியை என் முன்னால் உடைத்தார்கள், ஸ்பிளிட் பின் மடித்ததைக் காட்டினார்கள், அன்றைக்கே எலைமெண்டும் முடிந்தது. பெயின்ற் அடித்த அந்தப் பழசும் கம்பித் துண்டும் டிக்கியில் ஒரு பையில் கிடக்கின்றன. கார் வேலைக்குக் கொடுக்கப் போகிறவர்கள் யாராவது பார்க்க விரும்பினால் எடுத்துக் காட்டுகிறேன்.