போலியோ: சால்க்கின் ஊசியும் சேபினின் சொட்டும்

அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ஜோனஸ் சால்க் போலியோ வைரஸை ஃபார்மலின் என்ற வேதிப்பொருளால் கொன்று தடுப்பூசியாகச் செலுத்தினார். மற்றோர் அமெரிக்க ஆய்வாளரான ஆல்பர்ட் சேபினோ, உயிருள்ள வைரஸின் வீரியத்தைக் குறைத்து வாய்வழியே கொடுப்பதே நீடித்த பாதுகாப்பைத் தரும் என்று விடாப்பிடியாக வாதிட்டார். 1955 ஏப்ரல் 12 அன்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஊசியின் வெற்றி அறிவிக்கப்பட்டபோது, அரங்கில் அமர்ந்திருந்த தம் ஆய்வகத் தோழர்கள் ஒருவரின் பெயரையும் சால்க் தம் உரையில் குறிப்பிடாதது அவர்களை ஆழமாகப் புண்படுத்தியது. சேபினிடமும் பெருந்தன்மை இல்லை. சால்க்கின் பணியில் புதுமையே இல்லை என்று வெளிப்படையாகவே இகழ்ந்தார்.

அமெரிக்காவில் ஊசி முந்திக்கொண்டதால், சேபினின் மருந்து 1959-இல் சோவியத் ஒன்றியத்தில் லட்சக்கணக்கானோருக்குக் கொடுத்துச் சோதிக்கப்பட்டது. பின்னர் அமெரிக்கக் குழந்தைகள் அதைச் சர்க்கரைக் கட்டியில் விட்ட சொட்டாக விழுங்கினார்கள். விலை மலிவு, கொடுப்பது எளிது, குடலிலேயே எதிர்ப்பாற்றல் உண்டாவதால் தொற்றுச் சங்கிலியும் அறுபடும். ஆகவே பரவலை நிறுத்துவதில் சொட்டே மேல் என்பது என் கணிப்பு. ஆனால் மிக அரிதாக அந்த வைரஸே வீரியம் மீண்டு இளம்பிள்ளை வாதத்தை உண்டாக்கும் என்பதால், அமெரிக்கா 2000-இல் மறுபடியும் ஊசிக்கே திரும்பியது. நோபல் பரிசோ, இருவருக்கும் கிடைக்கவில்லை. வைரஸைத் திசுவில் வளர்த்துக் காட்டிய மூவருக்கு அது 1954-லேயே போய்விட்டிருந்தது.